பட்டாணிக்குப் பின்னால் இரண்டு லைனர்கள்

இந்த வீட்டில் ஒரே ஒரு காரியத்தையாவது என் மனைவிக்குத் தெரியாமல் செய்து முடிப்பது என்று உறுதி எடுத்தேன். எடுத்த இடம் குளியலறை. வேறெங்கே எடுத்தாலும் அவளுக்குக் கேட்டுவிடும்.

என் மாமனாரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். இரட்டை சிலிண்டர். என்னைவிட வயதில் மூத்தது, அந்தக் குடும்பத்தில் என்னைவிட மரியாதை அதிகம். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்புக் குழாய் இரண்டும் தேய்ந்து, புகை கக்கி, வண்டி படுத்துவிட்டது. அந்தக் குழாய்க்குத்தான் லைனர் என்று பெயர். போன வாரம் மாமனார் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினார்.

"மாப்ளே, புது லைனர் ரெண்டு இருக்கு. இத விட்டா வேற கெடைக்காது. பட்டறைக்குக் கொண்டுபோகாம வீட்லயே யார் இத மாத்திக் காட்டறாங்களோ, வண்டி அவங்களுக்கு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து பாப்பேன். இல்லேன்னா பழைய இரும்புக் கடைதான்."

"மாத்திடறேன் மாமா!" என்று மார்தட்டினேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லாத நேரத்தில்தான் நான் உஷாராக இருந்திருக்க வேண்டும்.

வழியைப் படித்து வைத்திருந்தேன். சிலிண்டர் அலுமினியம், சூடாக்கினால் நன்றாக விரியும். லைனர் இரும்பு, குளிரவைத்தால் சுருங்கும். விரிந்ததற்குள் சுருங்கியது தானே இறங்கிவிடும். சூட்டுக்கு அவளுடைய ஓவன். குளிருக்கு அவளுடைய ஃப்ரீசர். இந்த வீட்டில் என்னுடையது என்று இருப்பது என் மூக்குக்கண்ணாடி மட்டும்தான்.

ஞாயிறு காலை ஆரம்பித்தேன்.

"உன் தங்கச்சியப் பாத்து ரொம்ப நாளாச்சே?"

"முந்தாநேத்துதான பாத்தேன்?"

"பாசத்துக்குக் கணக்கு உண்டா? போயிட்டு வா. வீட்ட நான் பாத்துக்கறேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரிங்க," என்றாள். கிளம்பியும் விட்டாள்!

வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த சிலிண்டரைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். என்னை நானே அப்படித் தேய்த்துக் குளித்ததில்லை. ஓவனில் வைத்துக் காய்ந்ததும், அவளுடைய பூப்போட்ட கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே எடுத்துக் கவிழ்த்தேன். தொப், தொப். எத்தனையோ வருஷமாக அசையாத பழைய லைனர்கள் துண்டின்மேல் விழுந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மறுபடி சூடாக்கினேன். ஃப்ரீசரிலிருந்து முதல் லைனரை எடுத்து சிலிண்டரின் வாய்க்கு நேராகப் பிடித்து விட்டேன். வழுக்கிக்கொண்டு போய் அடியில் உட்கார்ந்தது. தட்டவில்லை, திருகவில்லை, கெஞ்சவில்லை. கெஞ்சாமல் என் வாழ்க்கையில் நடந்த முதல் காரியம் அது. கண் கலங்கிவிட்டது. வெறும் சூட்டுக்கும் குளிருக்கும் இவ்வளவு சக்தியா! சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன்.

இரண்டாவது லைனரைப் பாதி இறக்கியிருப்பேன். ஃபோன் அடித்தது. திடுக்கிட்டதில் லைனர் சாய்ந்துவிட்டது. நிமிர்த்த ஒரு நொடி போதும். ஆனால் திரையில் தெரிந்தது அவள் பெயர். அவள் ஃபோனை உடனே எடுப்பது எங்கள் வீட்டுச் சட்டம். எடுத்தேன்.

"ஏங்க, சிலிண்டர மூடிட்டீங்களா?"

"எ... எந்த சிலிண்டர்?"

"கேஸ் சிலிண்டர்தாங்க. நம்ம வீட்ல வேற எந்த சிலிண்டர் இருக்கு?"

"ஒண்ணுமில்ல! ஒண்ணுமே இல்ல! மூடிட்டேன்!"

திரும்பினால், குளிர்ந்த லைனர் சூடேறி விரிந்து, பாதியிலேயே கோணலாக இறுகிவிட்டது. இழுத்தேன். திருகினேன். இப்போது கெஞ்சவும் செய்தேன். கடைசியில் சுத்தியலை ஓங்கினேன்.

"அடிச்சா விரிசல் விட்டுடும்."

வாசற்படியில் என் மனைவி.

"நீ தங்கச்சி வீட்டுக்கு..."

"எதிர்வீட்டு மாடிக்குப் போனேன். அங்கேருந்து நம்ம சமையலறை ஜன்னல் நல்லாத் தெரியுது. மொதல் லைனர அருமையாப் போட்டீங்க."

"அப்ப அந்த ஃபோன்?"

"ரெண்டாவதையும் போட்டுடுவீங்க போல இருந்துச்சு. அதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஃப்ரீசர்ல பட்டாணிக்குப் பின்னாடி ரெண்டு இரும்புக் குழாய ஒளிச்சு வெச்சுட்டு, 'எனக்குப் பட்டாணி ஒத்துக்கல, எடுக்காதே'ன்னா எப்படித் தெரியாம இருக்கும்? தள்ளுங்க. அப்பா இத மாத்தறப்போ பக்கத்துல நின்னவ நான்."

சிலிண்டரை, சிக்கிய லைனரோடு அப்படியே ஓவனில் வைத்தாள். பிறகு எடுத்து, சூடு போதுமா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தாள். துள்ளி ஓடியது. "ம்," என்றாள். ஐஸ் கட்டிகளை ஒரு பையில் கட்டி லைனருக்குள் இறக்கிவிட்டு, பக்கவாட்டில் மரக்கரண்டியால் ஒரே ஒரு தட்டு. கோணல் நிமிர்ந்தது. லைனர் சத்தமில்லாமல் கீழே போய் அமர்ந்தது. நான் வாய் பிளந்து நின்றேன். இத்தனை வருஷம் யாரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன்!

சாயங்காலம் மாமனார் வந்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"ரெண்டும் நச்சுன்னு உக்காந்திருக்கே! யார் போட்டது?"

"நான்," என்றேன். "நான்," என்றாள். நடந்ததைச் சொன்னோம்.

"ஆளுக்கு ஒண்ணா? அப்போ வண்டி ரெண்டு பேருக்கும் பொது," என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாதி என்பது என் வீட்டில் நான் கண்டிராத பங்கு.

"எப்படிப் பிரிச்சுக்கறதுன்னு மட்டும் நான் சொல்றேம்பா," என்றாள் அவள்.

சொன்னாள். அதன்படி, ஓடும்போது வண்டி அவளுடையது, நின்றுபோனால் என்னுடையது.