புளி போட்டுத் தேய்த்த டிரம்பெட்

நடந்தவை, சுருக்கமாக:

1. கோவளத்தில் கல்யாணங்களுக்கு பேண்டு வாசிக்கும் அந்தோணி அண்ணனிடம் ஒரு டிரம்பெட் இரவல் வாங்கினேன்.
2. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன்.
3. பள்ளி இன்ஸ்பெக்டர் முன்னால் ஊதினேன்.
4. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செங்கல்பட்டில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பிக்க நான் சேர்ந்த முதல் வருடம் அது. இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரம். அன்றைய பாடம் ஒலி. உதடு அதிர்கிறது, குழாய்க்குள் இருக்கும் காற்று அதோடு சேர்ந்து அதிர்கிறது, குழாயின் விரிந்த வாய் அந்த ஒலியை வெளிக்காற்றில் இறக்கிவிடுகிறது. மேலே உள்ள விசையை அழுத்தினால் காற்று போகும் வழி நீளும், சுருதி இறங்கும். எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தோணி அண்ணனிடம் பழகியும் இருந்தேன். "ஊதாதீங்க டீச்சர், உதட்ட அதிர வுடுங்க. நீங்க குடுக்கறததான் அது பெருசா காட்டும்" என்பார்.

ஆனால் பித்தளைக் குடம் கறுத்திருந்தால் கை சும்மா இருக்காத வீட்டில் வளர்ந்தவள் நான். புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்து, கிணற்றுநீரில் முக்கி எடுத்தேன். (குடத்துக்கு விசை கிடையாது என்பது அப்போது தோன்றவில்லை.)

வகுப்பில் முதலில் உதட்டால் மட்டும் 'ப்ர்ர்ர்' என்று செய்து காட்டினேன். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர். சாரல் அடித்தது. கண்ணாடியைத் துடைத்தது அப்போதுதான்.

பிறகு டிரம்பெட். விசைகளை அழுத்தினேன். மூன்றும் பாதியில் இறங்கி அங்கேயே நின்றுவிட்டன. உள்ளே காற்றுக்கு வழி இல்லை. கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"ஏம்மா, சத்தம் எப்போ வரும்?"

"இதோ வந்துடும் சார்."

வந்தது அந்தோணி அண்ணன். சாயங்காலம் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம். டிரம்பெட்டை வாங்கிப்போக வந்தவர், வாசலில் நின்றபடியே ஒரு விசையை உருவினார். கூடவே புளிநார் ஒன்று நீளமாக வந்தது.

"இன்னா டீச்சர், புளி போட்டா தேச்சீங்க? இது இன்னா சாம்பார் குண்டானா?"

நாற்பது பெண்களும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "என்ன அது?" என்று கேட்டார். "புளி சார்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டில் இந்தக் கதையைக் கேட்ட என் சொந்த அண்ணன் பிள்ளைகள் இன்றைக்கும் என்னை 'ப்ர்ர் அத்தை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இது நடந்து மூன்று வருடமாகிறது. அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் எழுதியது பள்ளிக் கோப்பில் இருக்கிறது. நான் இன்னும் தற்காலிக ஆசிரியை.