கரூர் தந்த ஸ்காட்லாந்துக்காரர்

அமெரிக்காவில், எடிசன் நகரில், எங்கள் அபார்ட்மென்டுக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை தீயணைப்பு வண்டியை வரவழைத்த பெருமை ஸ்காட்லாந்துக்காரரையே சேரும்.

அவருக்குச் சொந்த ஊர் கரூர். தொண்ணூற்றெட்டில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போன நாங்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். எங்களில் மூத்தவர் அவர். அதற்கு முன் ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் எட்டு மாதம் வேலை பார்த்தவர், அங்கே வீட்டுக்கார அம்மாளிடம் ஸ்கான் சுடக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். மைதா, வெண்ணெய், மோர், சோடா உப்பு. பார்த்தால் வளர மறந்த பன் மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தால் போதும், "கிச்சன காலி பண்ணுங்கப்பா" என்று வந்து நிற்பார். மாவில் நாங்கள் விரல் வைக்கக்கூடாது.

"பிசைஞ்சா செத்துரும். பூனைக்குட்டிய தடவற மாதிரி தடவணும்."

அவர் தடவிய லட்சணத்தில் வெண்ணெய் ஓவனுக்குள் வழிந்து கருகும். புகை கிளம்பும், அலாரம் அலறும். மொத்தக் கட்டடமும் பனியில் இறங்கி நிற்கும், நாங்கள் லுங்கியோடு. அவர் மட்டும் தட்டோடு வந்து தீயணைப்பு வீரர்களுக்குப் பரிமாறுவார். இவரை எப்படிக் கிளப்புவது என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் மூவரின் ரகசியப் பேச்சு.

மூன்றாவது முறை, அபார்ட்மென்ட் மேனேஜர் அம்மாள் கையில் கடிதத்தோடு வந்தார். நான்கு பேரும் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

"எல்லாம் இந்த ஸ்கோனால்தானே?" என்றார் ஆங்கிலத்தில்.

"ஸ்கோன் இல்லை மேடம், ஸ்கான்" என்று இவர் திருத்தினார்.

ரூம்மேட் ரவி அவர் இடுப்பில் கிள்ளினான். "அண்ணே, இப்ப இது முக்கியமா?"

"தப்பா சொல்றாங்கப்பா."

கடிதத்தை வாங்கிப் படித்தார். முகம் சுருங்கிவிட்டது. பிறகு மேனேஜரிடம் மெதுவாக, "சுட்டது நான் மட்டும்தான். இவர்களுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நான் போய்விடுகிறேன், பையன்கள் இருக்கட்டும்" என்றார்.

நாங்கள் மூவரும் கும்பிட்டுக் கேட்ட வரம். ரவி வாயைத் திறந்தான்.

"ஹீ கோஸ், வீ ஆல் கோ."

எனக்கும் தலை தானாக ஆடிவிட்டது, மூன்றாமவனுக்கும்தான்.

மேனேஜர் எங்களை வரிசையாகப் பார்த்தார். தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்து, வெகுநேரம் மென்றார். கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "முதலில் அந்த ஓவனைக் கழுவுங்கள்" என்றார். போகும்போது இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

ஸ்காட்லாந்துக்காரர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஏற்கெனவே திறந்திருந்த ஜாம் பாட்டிலைத் திறக்க, ரொம்ப நேரம் குனிந்து போராடிக்கொண்டிருந்தார்.