எதிர்வீட்டுச் சம்பந்தியோடு ஓர் உடன்படிக்கை

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். எதிர்வீட்டில் உங்கள் அம்மாவும் சௌக்கியம். உங்கள் அப்பாவும் சௌக்கியம்தான், குரலைக் கேட்டாலே தெரிகிறது. அங்கு நீங்களும் என் மகளும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்தம் சொல்கிறாள். அதனால்தான் கடிதம்.

நிற்க. சம்பந்திகள் எதிரெதிரே குடியிருந்தால் எவ்வளவு வசதி என்று ஆசைப்பட்டு இந்த மாடிக்கு வந்தவன் நான். வந்த வேகத்தில் உங்கள் அப்பாவின் செருப்பு ஸ்டாண்டு, இரண்டு வாசலுக்கும் நடுவிலுள்ள பொது நடையில், ஒரு டைல்ஸ் அளவு என் பக்கம் நகர்ந்தது. நான் கேட்டேன், அவர் பதிலுக்குக் கேட்டார், அதன் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டுக்கொள்ளவே இல்லை. இது உங்களுக்குத் தெரிந்த கதை. "ரெண்டு தாத்தாவும் ஒழுங்கா பேசிக்கிட்டாதான் பாப்பாவ தூக்கிட்டு வருவோம், இல்லன்னா போன்லயே பாத்துக்கோங்க" என்று என் மகள் சொன்னதும் தெரியும். பேத்திக்குப் பல் முளைத்ததைக்கூடச் செல்போன் திரையில்தான் பார்த்தேன் மாப்பிள்ளை. கடைவாயில் இருப்பது பல்லா பிஸ்கட்டா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

அந்த வேதனையில் இருந்தபோதுதான், கல்லூரியில் நீங்கள் நடத்தும் பாடத்தை எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் போனில் நடத்தினீர்கள். "மாமா, அப்பா, ரெண்டு பேரும் கேளுங்க. ஒரு நாட்டுல கோதுமை, இன்னொரு நாட்டுல எண்ணெய். ஒண்ணு இல்லாம ஒண்ணு வாழ முடியாதுன்னு ஆயிட்டா சண்டை போட யோசிப்பாங்க. போட்டா ரெண்டு பேருக்கும் நஷ்டம்." நீங்கள் உதாரணமாகச் சொன்னீர்கள். நான் பி.டி. மாஸ்டராக இருந்தவன், உங்கள் அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எங்களுக்கு உதாரணமெல்லாம் பழக்கமில்லை, உத்தரவுதான் பழக்கம். அவரவர் வீட்டில் எல்லாம் இருப்பதால்தானே இந்தத் திமிர் என்று யோசித்து, நான் என் பிரிட்ஜை உங்கள் அத்தையின் தங்கை வீட்டுக்குத் தானம் கொடுத்தேன். அவர் தன் வாஷிங் மெஷினைத் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார். இனிமேல் இரண்டு வீட்டுத் துணியும் என் மெஷினில், இரண்டு வீட்டுப் பாலும் அவர் பிரிட்ஜில். நடையில் நின்று கை குலுக்கினோம். வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அரசாங்கங்கள் அப்படிக் கேட்பதில்லை என்று உங்கள் அப்பாதான் சொன்னார்.

ஆரம்பம் அமோகமாகத்தான் இருந்தது. ஆனால் வேலையை விட்டாலும் உங்கள் அப்பாவை வேலை விடவில்லை. நான் பிரிட்ஜைத் திறந்தால் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். "என்ன எடுக்குறீங்க சம்பந்தி?" என்பார். "தயிர்" என்பேன். "உங்களுது கீழ் தட்டு, அது மேல் தட்டுத் தயிர்" என்பார். டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவனைப் போல நடு வழியில் இறக்கிவிடப்பட்டுத் திரும்பி வருவேன். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன் மாப்பிள்ளை, பேத்திக்காக. போதாத காலம், என் சிவப்பு விளையாட்டுப் பனியன் அவருடைய வெள்ளைச் சட்டைகளோடு மெஷினுக்குள் போய்விட்டது. சட்டை எல்லாம் ரோஸ் கலரில் வெளியே வந்தன. எனக்கென்னவோ அந்தக் கலர் அவருக்கு எடுப்பாகவே இருந்தது. அதை நான் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அவர் பிரிட்ஜைப் பூட்டினார். நான் அவருடைய பேண்ட் எல்லாம் மெஷினுக்குள் இருக்கும்போதே சுவிட்சை அணைத்தேன். பொருளாதாரத் தடை என்று நீங்கள் சொல்வீர்களே, அது இரண்டு பக்கமும் அமலுக்கு வந்தது.

இங்கேதான் அதிசயம். தடை போட்ட மறுநாளும் எனக்குப் புதுப் பாலில் காபி வந்தது. அவர் துவைத்து மடித்த பேண்ட்டில் நடைக்கு வந்தார். "உங்களுக்கு எப்படிங்க பேண்ட்?" என்றேன். "உங்களுக்கு எப்படிங்க பால்?" என்றார். இரண்டு பேரும் மெதுவாக என் வீட்டுப் பின்பக்க பால்கனிக்குப் போய்ப் பார்த்தோம். வாசல் எதிரெதிரே என்றாலும், பின்னால் இரண்டு சமையலறை பால்கனிகளுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அதன் மேல் இந்தப் பக்கத்திலிருந்து துணி வாளி போகிறது, அந்தப் பக்கத்திலிருந்து பால் பாத்திரம் வருகிறது. நடுவில் உங்கள் அத்தையும் அம்மாவும் சிரிக்கும் சிரிப்பு வேறு.

"எத்தன நாளா நடக்குது இது?" என்று உங்கள் அப்பா அதட்டினார்.

"செருப்பு ஸ்டாண்டு நகந்த நாள்லேர்ந்து" என்றார் உங்கள் அம்மா. "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. நாங்க குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தோம். ஏன் சம்பந்தி, போன மாசம் நீங்க ரசிச்சுச் சாப்பிட்ட குழம்பு யார் வெச்சதுன்னு நெனச்சீங்க?"

மாப்பிள்ளை, அந்தக் குழம்பை நான் உங்கள் அத்தையிடம் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எதிரி நாட்டுக் குழம்பு! உங்கள் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம். உங்கள் பாடத்தில் தலைவர்கள் கை குலுக்குவதைப் பற்றி மட்டும் சொல்லாமல், பின்பக்க பால்கனியைப் பற்றியும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். இப்போது இரண்டு வாசலும் திறந்தே கிடக்கின்றன. செருப்பு ஸ்டாண்டு எங்கே இருக்கிறது என்று நான் பார்ப்பதுகூட இல்லை, சுவரிலிருந்து ஒன்றரை டைல்ஸ் தள்ளி இருக்கிறது, இருக்கட்டும். ஆகவே சமாதானம் உறுதி. யோசிக்காமல் ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு வந்து சேருங்கள். எல்லோரும் நீடூழி வாழ்க. பாப்பாவின் இரண்டு கன்னத்திலும் என் சார்பில் ஒவ்வொரு முத்தம். உங்கள் அப்பா சார்பில் வேண்டாம், அவர் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதிய சமாதானத்தில் ஒரு சிறு சிக்கல். பூட்டுப் போட்ட அன்று ஆத்திரத்தில் நான் யாருக்கும் தெரியாமல் புது பிரிட்ஜ் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தேன். சமாதானச் சிரிப்பில் மறந்தே போனேன். அதே நாளில் உங்கள் அப்பாவும் யாருக்கும் தெரியாமல் வாஷிங் மெஷினுக்குச் சொல்லி வைத்திருக்கிறார், பாருங்கள் அந்த மனுஷனின் கபடத்தை! இரண்டும் நேற்று ஒரே வேனில் வந்து, என் பிரிட்ஜ் மாடிப்படி வளைவில் இரும்புக் கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே சிக்க, பின்னாலேயே வந்த அவருடைய மெஷின் அதன் அடியில் செருகிக்கொண்டது. வெல்டர் வந்து கைப்பிடியை அறுத்தால்தான் நகருமாம், அவர் திங்கட்கிழமைதான் வருவாராம். நான் மேலே மாட்டிக்கொண்டேன், மெஷினை வரவேற்கப் போன உங்கள் அப்பா கீழே மாட்டிக்கொண்டார். கீழே உள்ள தையல் கடையில்தான் படுக்கை. பிரிட்ஜுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. அதன் வழியாக நான் சாப்பாடு கொடுக்கிறேன், அவர் பாலும் பேப்பரும் வாங்கிக் கொடுக்கிறார். இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுத்துக் கூரியரில் போடச் சொல்ல வேண்டும். கட்டாயம் பிரித்துப் படிப்பார். படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதில் மாற்றம் வேண்டாம். பாப்பாவைக் கீழேயிருந்து அவர் தூக்கிக் கொடுப்பார், மேலேயிருந்து நான் வாங்கிக்கொள்வேன். காலையிலிருந்து ஒரு தலையணையை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறோம், இன்னும் ஒரு முறைகூடக் கீழே விடவில்லை.