என் பேத்தி நிறம் பார்ப்பவள் அல்ல

ஹாம்ட்ராமிக்,
8 மார்ச் 1957, வெள்ளி

மரியாதைக்குரிய பத்திரிகை ஆசிரியர் வோய்தாசிக் அவர்களுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். தங்கள் நலமும் தங்கள் மனைவியின் முழங்கால் நலமும் அறிய ஆவலாயிருக்கும் யட்விகா ஸ்மோலாரெக் எழுதுவது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பிழைகளைத் தாங்கள் திருத்திக்கொள்ளுங்கள், தங்கள் பிழையை நான் திருத்துகிறேன்.

சென்ற சனிக்கிழமை இதழில் என் பேத்தி ஹலினாவின் படத்தைப் போட்டு, "புதிய காருக்கு நிறம் தேர்ந்த அழகி" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நிறமா? கார் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இரண்டு வருஷமாகக் கார்களைச் சுவரில் மோதவிட்டு, ஓட்டுபவன் நெஞ்சில் ஏறாமல் தானே மடங்கிக்கொள்ளும் ஸ்டியரிங் தண்டை வரைந்தவள் அவள். ஓட்டுபவனை இருக்கையோடு பிடித்துவைக்கும் இடுப்பு பெல்ட்டைத் தைத்தது நான், என் சமையலறைத் தையல் மெஷினில், மூன்று ஊசி உடைந்தது. அவளுடைய அப்பா, என் மகன் காஸிமிர், மடங்காத பழைய தண்டு நெஞ்சில் குத்தித்தான் செத்தான். முப்பது மைல் வேகம்கூட இல்லை. கார் ஓடும் நிலையில் வீடு வந்தது, அவன் வரவில்லை. ஆனால் கம்பெனியில் 'விபத்து' என்ற சொல்லே கூடாதாம், 'திடீர் நிறுத்தம்' என்றுதான் எழுத வேண்டுமாம், தன் அப்பன் செத்ததையும் ஹலினா அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதைக் கேட்டதும் நானே கம்பெனிக்குப் போனேன், வெறுங்கையோடு போகிற வழக்கம் நமக்கு இல்லையே, ஒரு தட்டு பியெரோகியோடு, உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த நம் ஊர்க் கொழுக்கட்டை. தலைமை வடிவமைப்பாளர் நான்கைத் தின்றுவிட்டுச் சொன்னார்:

"பெல்ட்டைக் கண்ணுல காட்டினா வாங்க வர்றவன் பயந்து ஓடிருவாம்மா."

"என் மவனும் திடீர்னுதான் நின்னான் ஐயா. இன்னும் கிளம்பல."

ஐந்தாவதைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "சரி, வெள்ளிக்கிழமை கூட்டத்துல வெச்சுப் பாக்குறேன்" என்றார். அந்தக் கூட்டம் இன்றைக்குத்தான். இந்நேரம் தண்டும் பெல்ட்டும் புதிய காரில் ஏறியிருக்கும். ஆகவே அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், என் பேத்தி செய்தது என்னவென்று போடவும்.

ஆண்டவர் தங்கள் அச்சகத்தை ஆசீர்வதிப்பாராக. அந்த வரியை எழுதியவரைச் சற்று நிதானமாக.

இப்படிக்கு,
யட்விகா ஸ்மோலாரெக்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஹலினா கூட்டத்திலிருந்து வந்துவிட்டாள். தண்டு வேண்டாமாம், பெல்ட்டும் வேண்டாமாம். சோதனைக் காருக்கு அவள் சும்மா பூசிவைத்த பச்சை மட்டும் எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். "அழாதடி" என்றேன். "அழல பாட்டி, திங்கட்கிழமையிலேருந்து நான் நிறப் பிரிவுக்குத் தலைவி" என்றாள்.

தாங்கள் அச்சிட்டதே சரி. திருத்தம் போட வேண்டாம்.