தலையிலிருந்து இறங்கிய வலி

வலி வந்தாலும் மரியாதையான இடத்தில் வர வேண்டும். கையில் வந்தால் நாலு பேரிடம் காட்டலாம். தலையில் வந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு பெருமையாகவே நடக்கலாம். எனக்கு வந்தது, நான் உட்காரும் இடத்தில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. தென்காசியில் வாத்தியார் வேலை; கல்யாணமாகிச் சில மாதங்கள். சாரல் காலத்தில் மனைவி கோமதியை ஐந்தருவிக்கு அழைத்துப் போனேன். "பாசி வழுக்கும், பாத்து வா" என்று அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுத் திரும்பியவன்தான். அடுத்த நொடி ஒரு கூரான கல்மேல் உட்கார்ந்திருந்தேன்.

சின்னக் காயம், தானாக ஆறும் என்று விட்டேன். வீங்கிக்கொண்டது. வகுப்பில் நின்றே பாடம் நடத்தினேன். (கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் வந்தது.) கடைசியில் கோமதி, மருந்து வாங்கக் காலிப் பாட்டிலும் கையுமாக என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே டாக்டரின் மேஜையைச் சுற்றி ஊரே நிற்கும். ஒருவர் நோயைச் சொன்னால் மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டு, கைவைத்தியமும் சொல்வார்கள். டாக்டர் நல்ல மனிதர். ஆனால் அந்த இரைச்சலில் அவரும் கத்தித்தான் பேச வேண்டும்.

"என்ன செய்யுது?"

என் பின்னால் மாணவர்களின் அம்மாக்கள் இருவர். "சார்வாளுக்கு என்னவாம்?" என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது.

"தலைவலி" என்றேன்.

பாட்டில் நிறையச் சிவப்பு மிக்ஸ்சர் கிடைத்தது.

"தலைவலி மருந்தக் குடிச்சா அங்கன எப்படிக் கேக்கும்?" என்று மறுநாளும் இழுத்துப் போனாள் கோமதி. துணிச்சலை வரவழைத்துக்கொண்டு "முதுகுவலி" என்றேன். தைலம் கொடுத்தார்கள். அதற்கும் மறுநாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. "இடுப்பு" என்று முனகினேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "முந்தாநாள் தலை, நேத்து முதுகு, இன்னைக்கு இடுப்பா? என்ன சார் இது?"

"நாளைக்குச் சரியான எடத்துக்கு வந்துரும் டாக்டர்" என்றாள் கோமதி.

ஆஸ்பத்திரியே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்டூலைக் காட்டி, "உக்காருங்க" என்றார்.

"நின்னுக்கிடுதேன் டாக்டர்."

அவருக்குப் புரிந்துவிட்டது. "எல்லாரும் கொஞ்சம் வெளியே போங்க" என்றார். ஒருவரும் நகரவில்லை. (நகர்ந்தால் வரிசை போய்விடுமே!) புளியங்குடி எலுமிச்சை வியாபாரி அண்ணாச்சி ஒருவர்தான் வழி சொன்னார்: "நாங்க அந்தப் பக்கமாத் திரும்பிக்கிடுதோம். நீங்க பாருங்க டாக்டர்."

அவரும் இன்னொருவரும் ஒரு போர்வையை விரித்துப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். டாக்டர் கீறிச் சீழை எடுத்தபோது நான் போட்ட சத்தம் குற்றாலத்துக்கே கேட்டிருக்கும். போர்வைக்கு அப்பாலிருந்து, "பல்லக் கடிச்சுக்கிடுங்க சார்வாள்!" என்று, அன்றும் வந்திருந்த அந்த அம்மாக்கள் தைரியம் சொன்னார்கள்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பெரிய ஆபத்தாயிருக்கும். முதல் நாளே சொல்லக் கூடாதா?" டாக்டர் என் காதருகே குனிந்து கேட்டார்.

"பின்னால பள்ளிக்கூடமே நிக்கி. எப்படிச் சொல்ல?"

அவர் கட்டுப் போட்டு முடித்தார். பிறகு, "நானும் ஊருக்கே கேக்குற மாதிரிதானே கேட்டேன்" என்றார்.

அடுத்த முறை கட்டு மாற்றப் போனபோது, மேஜையோரம் மறைப்பாக ஒரு மூங்கில் தட்டி நின்றது. எனக்கு முன்னால் போன ஒரு பெண் வாய் திறக்காமல் தலை குனிந்தாள். டாக்டர் தட்டியைக் காட்டினார். உள்ளே அவள் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினாள். எனக்கு முன்னால் எத்தனை பேர் தலைவலி மருந்தோடு வீட்டுக்குத் திரும்பினார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் சும்மா விடுமா? அதற்கு 'வாத்தியார் தட்டி' என்று பெயர் விழுந்துவிட்டது. வீடும் விடவில்லை. எங்கள் மகள் எதையாவது சொல்ல வந்து மென்று விழுங்கினால், கோமதி இன்றைக்கும் அடுப்படியிலிருந்து கேட்கிறாள்:

"என்னட்டி, தட்டி கட்டணுமா?"