எண்ணெய் விளக்கு அணைந்த விவரம்

அன்புமிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், உங்கள் காரும் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மகளையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வழியாகவே புது வேலை கிடைத்த ஊருக்கு நிம்மதியாகப் போகலாம்.

இன்ஜினை நானே பிரித்து நானே பூட்டினேன் என்று போனில் சொன்னபோது "நீங்களேவா?" என்று மூன்று தடவை கேட்டீர்கள், லைன் சரியில்லையோ என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷம் குடிநீர் வாரியத்தில் குழாய் பார்த்தவனுக்கு இன்ஜின் என்ன பெரிய விஷயம், தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஓடுகிறது, அவ்வளவுதானே? ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது உண்மை. நான் அசரவில்லை. ஃபில்டரை மாற்றினேன், எரிந்தது. கெட்டியான எண்ணெய் ஊற்றினேன், அப்பவும் எரிந்தது. "பேசாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன், கிரீடமா இறங்கிடும்?" என்றாள் உங்கள் அத்தை. "அவர் வந்தா அப்புறம் நான் எதுக்கு?" என்றேன். கடைசியில் பிடித்தேன் பாருங்கள்! இன்ஜின் பக்கவாட்டில் பிரஷர் சுவிட்ச் ஒன்று திருகியிருக்கிறது, அதன் மரையில் லேசான கசிவு. வெறும் மரையாகப் பூட்டித் தொலைத்திருக்கிறேன். குழாய்க்காரன் செய்கிற காரியமா இது? குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். விளக்கு பட்டென்று அணைந்தது. தெருவை நாலு தடவை வலம் வந்தேன், மினுக்கக்கூட இல்லை. உங்கள் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் தோல்வியை ஒப்புக்கொண்டது கல்யாணமாகி இதுதான் முதல் தடவை.

நீங்கள் இருவரும் குறையொன்றுமின்றி நெடுங்காலம் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போன நேரத்தில் உங்கள் அத்தை மெக்கானிக்கோடு வந்து நின்றாள். அவர் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தார், விளக்கு எரியவில்லை. "இன்ஜின் ஓடாதப்போ இந்த விளக்கு எரியணுமே சார்? அதுக்குக் கரண்ட் அந்த மரை வழியாத்தான் போகணும். டேப்பைச் சுத்தி, கரண்டைத் தடுத்து, விளக்கைத்தான் அணைச்சிருக்கீங்க, பிரஷர் இன்னும் ஏறல" என்றார். அடியில் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால், இன்ஜின் மூடி கசியாமலிருக்க நான் தாராளமாக அப்பிய பேஸ்ட் பிய்ந்துபோய், எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. நடு மலையில் எண்ணெய் ஏறாமல் இன்ஜின் இறுகி நின்று, பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தால்? கார் சாவியை மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டேன். காரை எடுக்க வராதீர்கள். பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன். ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுங்கள். கசிவு நின்றுவிட்டது, அதை மெக்கானிக்கே ஒப்புக்கொண்டார்.