பட்டாணி மேடமும் மடிந்த காதும்

மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, நாயின் இடது காதை மடித்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தான் கஸ்டமர் கேர்காரன். ஒட்டி முடிப்பதற்குள் காது விருட்டென்று நிமிர்ந்தது.

"வந்துட்டாங்களா?"

"லிஃப்ட்ல ஏறிட்டாங்க சார்," என்றாள் ரிசப்ஷன் பெண். "காது எதுக்கு சார் மடியணும்?"

"போன்ல அப்படித்தான் சொல்லித் தொலைச்சிருக்கேன்!"

எல்லாம் பட்டாணியால் வந்த வினை.

நாய் உணவுக் கம்பெனியில் போனை எடுத்துப் பதில் சொல்வது நம் ஆளின் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. கம்பெனி பாக்கெட்டில் பாதி பட்டாணி, மீதி பருப்பு. பருப்பு வகைகள் அதிகம் சேர்ந்த உணவால் சில நாய்களுக்கு இதயம் பெரிதாகிறதோ என்று டாக்டர்கள் சந்தேகப்படுவதாகச் செய்தி வந்ததிலிருந்து போன் ஓயவில்லை. 'ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை, உங்கள் நாயின் டாக்டரைக் கேளுங்கள்' என்பதுதான் சொல்ல வேண்டிய பதில். எல்லாரிடமும் ஒழுங்காகச் சொன்னான், ஒருத்தியைத் தவிர.

தினமும் அழைக்கும் அவளுக்கு அவன் மனதுக்குள் வைத்த பெயர் பட்டாணி மேடம்.

"சார், நேத்து பட்டாணியைப் பத்திக் கேட்டேன். இன்னிக்குக் கொண்டைக்கடலையைப் பத்தி. எங்க நாயை நினைச்சா மனசே கேக்கல சார்."

அந்தக் குரல் வாடுவதை அவனால் தாங்க முடியவில்லை. "கவலையே படாதீங்க மேடம். எங்க வீட்டு நாயே இதைத்தான் சாப்பிடுது!"

அவன் வீட்டில் இருந்தது ஒரு மீன் தொட்டி. அதிலும் மீன் இல்லை.

"அப்படியா! என்ன கலர்?"

"பிரவுன். இடது காது மடிஞ்சிருக்கும்."

"எங்களுதும் பிரவுன்தான் சார்! என்ன ஒரு பொருத்தம்! இதயத்தை செக் பண்ணீங்களா?"

"மாசாமாசம் ஸ்கேன். குதிரை மாதிரி திடமா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டார்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்."

"முதல்ல போய்ச் சாப்பிடுங்க. பட்டாணி எங்க ஓடிப்போகப் போகுது?"

போனை வைத்தான். பின்னால் மேனேஜர்.

"யோவ், உங்கிட்ட நாய் இருக்கா? சொல்லவே இல்லையே! நாளைக்கே கூட்டிட்டு வா. அந்த மேடமும் அவங்க நாயோட வரட்டும். ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிடறதைப் படம் எடுத்து பாக்கெட்ல போடறோம். நல்லா அமைஞ்சா நீ பர்மனென்ட். சொதப்புனா, மீதிய நான் சொல்ல வேணாம்."

அழைத்தபோது பட்டாணி மேடம் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "கண்டிப்பா வரேன் சார், பக்கத்துத் தெருதானே," என்றாள்.

நம் ஆள் எதிர்ப் பூங்காவுக்கு ஓடினான். ஊரார் நாய்களையெல்லாம் வாக்கிங் கூட்டிப்போகும் மீசைக்காரர் அங்கேதான் இருப்பார்.

"அடுத்தவங்க நாயைத் தர மாட்டேன் தம்பி. என் சொந்த நாய் ஒண்ணு இருக்கு, பிரவுன். ஆனா காது ரெண்டும் நட்டுக்கிட்டு நிக்கும்."

"காதை நான் பாத்துக்கறேண்ணே!"

பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இது. லிஃப்ட் வந்து நிற்பதற்குள் எப்படியோ காதை மறுபடி மடித்து டேப்பை அழுத்தி ஒட்டிவிட்டான்.

கதவு திறந்தது. போனில் கேட்ட அதே குரல், நேரில் சிரிப்போடு வந்தது. அவள் கையில் புத்தம்புது நாய்ச் சங்கிலி, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். நாயைக் காணோம்.

"அவனுக்குக் கூச்சம் சார். வரவே மாட்டேன்னுட்டான்."

"ஒரு நாய் போதும்!" என்று மேனேஜர் தட்டை நிரப்பினார். கேமரா தயார். நாய் தட்டை முகர்ந்தது. சபையை ஒரு பார்வை பார்த்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

மேனேஜர் பல்லைக் கடித்தபடி சிரித்தார். நம் ஆள் பதறிப்போய்த் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"பாருங்க, நானே சாப்பிட..."

புரையேறிற்று. அந்தச் சத்தத்தில் நாய் ஒரு தும்மல் போட்டது. டேப் பறந்து மேனேஜர் கன்னத்தில் ஒட்டிக்கொள்ள, காது கம்பீரமாக எழுந்து நின்றது.

"சார்," என்றாள் அவள் மெதுவாக. "உண்மையச் சொல்லுங்க. இது உங்க நாயா?"

வேலை போவது கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் வரவில்லை.

"இல்ல மேடம். எங்கிட்ட நாயே இல்ல. பட்டாணி நல்லதா கெட்டதான்னும் எனக்குத் தெரியாது. ஆராய்ச்சி இன்னும் முடியல. உங்க நாய் உயிரோட விளையாடாதீங்க, டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க."

மேனேஜர் முகம் பாலில் ஊறிய பிஸ்கட் மாதிரி உப்பிற்று. அவளோ கைதட்டினாள்.

"இப்படி உண்மை பேசற ஆள் இருக்கற கம்பெனியைத்தான் சார் நம்பலாம்!"

"எங்க பாலிசியே அதுதான் மேடம்!" என்றார் மேனேஜர், கன்னத்து டேப்பைக்கூட எடுக்காமல். "இவர் எங்க பர்மனென்ட் ஸ்டாஃப்!"

அவள் கன்னம் சிவக்க அவனைப் பார்த்தாள். அவன் இருமலை மறந்து அவளைப் பார்த்தான்.

நாயைத் திரும்பக் கூட்டிப்போக உள்ளே வந்த மீசைக்காரர், அவளைக் கண்டதும் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. காலைல நீங்களும் வந்து, ஒரு மணி நேரத்துக்கு பிரவுன் நாய் வேணும்னு கேட்டீங்க. எனக்குன்னு சொந்தமா இருக்கறதே ஒண்ணு, அதை இந்தத் தம்பி முந்திக்கிட்டாரே, நான் என்ன பண்ணட்டும்?"